இறப்பர்ப் பூதத்தின் உள்ளே ஒரு மனிதன்: குறைந்த செலவுப் பூதப் படங்கள் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மட்டக்களப்பைச் சேர்ந்த கல்லடியில் எங்கள் வீட்டு விறாந்தையில் வெள்ளைத் துணி கட்டி, போயா எனப்படும் முழுநிலா விடுமுறை நாள் மாலைகளில் பழைய பூதப் படங்களை ஓட்டிக் காட்டும் வழக்கம் சில ஆண்டுகளாக நடந்து வருகிறது. அயலவர்கள் வருவார்கள், நாடகமும் அரங்கியலும் படிக்கும் மாணவர்கள் சிலர் வருவார்கள், களுவாஞ்சிகுடியிலிருந்தும் அக்கரைப்பற்றிலிருந்தும் பேருந்தில் வந்து பார்த்துவிட்டுப் போகிறவர்களும் உண்டு. படம் முடிந்து தேநீர் குடிக்கும் வேளையில் திரும்பத் திரும்ப எழும் கேள்விகளுக்கு நின்ற நிலையில் சொல்லும் விடை போதாது என்று தோன்றியதால் இங்கே எழுதி வைக்கிறேன்.

பூதப் படமும் பேய்ப் படமும் ஒன்றுதானே?

இல்லை. பேய்க்கு உடம்பு தேவையில்லை. ஒரு கதவு தானாகத் திறந்தால், ஒரு விளக்கு அணைந்தால், பேய் வந்துவிட்டது என்று பார்வையாளர் ஏற்றுக்கொள்வார். பூதத்துக்கு உடம்பு உண்டு. அது நடக்க வேண்டும், கடிக்க வேண்டும், வீட்டைச் சரிக்க வேண்டும். அந்த உடம்பை யாராவது ஒருவர் தம் கையால் செய்தாக வேண்டும் என்பதால் பூதப் படத்தில் பணமில்லாமையை மறைக்க இடமே இல்லை. ஏழை வீட்டுக் காதல் கதையை ஏழ்மையோடு எடுக்கலாம். நூறு அடி உயரமான விலங்கை ஏழ்மையோடு எடுப்பது அப்படிப்பட்ட காரியமல்ல. இந்த வகைப் படங்களின் அழகும் குறையும் இந்த ஒரு நெருக்கடியிலிருந்தே பிறக்கின்றன என்பது என் எண்ணம்.

எவ்வளவு செலவில் எடுத்தால் அது குறைந்த செலவுப் படம்?

நிலையான அளவு கிடையாது. 1953இல் வெளிவந்த ‘ரோபோட் மொன்ஸ்டர்’ ஏறத்தாழ 16,000 டொலரில் நான்கே நாள்களில் எடுக்கப்பட்டது. 1958இல் வந்த ‘த பிளொப்’ ஒரு இலட்சத்துச் சொச்சம் டொலரிலும், 1968இல் ஜோர்ஜ் ரொமேரோ எடுத்த ‘நைட் ஒஃப் த லிவிங் டெட்’ ஏறத்தாழ 1,14,000 டொலரிலும் முடிந்தன. அதே காலத்தில் பெரிய நிறுவனங்களின் படங்களுக்கு இதைப்போலப் பல மடங்கு செலவானது. தொகையைவிட, நினைத்த பூதத்துக்கும் கையிலிருந்த காசுக்கும் இடையே எவ்வளவு தூரம் இருந்தது என்பதையே நான் பார்ப்பேன்.

இறப்பர் உடுப்பு என்று அப்பட்டமாகத் தெரிகிறதே, அதைப் பார்த்து எப்படிப் பயப்படுவது?

இந்தக் கேள்வி எல்லாவற்றையும்விட அதிகமாகக் கேட்கப்படுகிறது. இதற்கு நான் கொக்கட்டிச்சோலைப் பக்கத்தில் கழிந்த என் சிறு வயதிலிருந்து விடை சொல்ல விரும்புகிறேன்.

1980களின் நடுப்பகுதியில் எங்கள் ஒழுங்கையில் மின்சாரம் இல்லை. படம் பார்க்க வேண்டுமென்றால் வீட்டுக்கு வீடு காசு சேர்த்து, தொலைக்காட்சிப் பெட்டியையும் வீடியோ டெக்கையும் ஜெனரேற்றரையும் வாடகைக்கு எடுத்துவந்து, முற்றத்தில் பாய் விரித்து விடிய விடியப் பார்ப்போம். அப்படி ஓர் இரவில், எம்.ஜி.ஆர். படத்துக்கும் சிவாஜி படத்துக்கும் நடுவே, கசெற் கடைக்காரர் தாமாகச் சேர்த்துவிட்ட யப்பானியப் பூதப் படம் ஒன்று ஓடியது. நான் பயந்துபோய் அம்மம்மாவின் சேலைத் தலைப்புக்குள் ஒளிந்துகொண்டேன். அவர் என் தலையைத் தடவி, “அது பூதமில்ல மனே, உள்ளுக்க ஆள் நிக்கான். பாவம், அவனுக்கு எவ்வளவு வேர்க்கும்” என்றார். சொல்லிவிட்டுப் படத்திலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை. பூதம் ஊருக்குள் நுழைந்தபோது “ஐயோ” என்று அவரும் வாயில் கைவைத்தார். உள்ளே ஆள் நிற்பதை அறிந்தபடியே அவர் பயந்தார்.

அம்மம்மா கூத்துப் பார்த்து வளர்ந்தவர். எங்கள் பகுதி மரபான வடமோடிக் கூத்தில் பிரம்பு வளையங்கள் வைத்த கரப்புடுப்பும் மரமுடியும் தரித்த அரசன், களரி எனப்படும் ஆடுகளத்தைச் சுற்றி ஆடிவரும்போது, கூத்தை நடத்தும் அண்ணாவியாரின் பாட்டும் மத்தளமும் சல்லாரித் தாளமும் சேர்ந்து அவனைத் தேரில் ஏற்றிவிடுகின்றன. தேர் எங்கே என்று எவரும் கேட்பதில்லை. ஆடுகிறவர் பக்கத்து வளவில் மாடு வளர்ப்பவர் என்பதும் எல்லோருக்கும் தெரியும், அவர் துரியோதனனாகச் சாகும்போது கண்ணீர் வருவதும் உண்மை. தெரிந்திருப்பதும் நம்புவதும் ஒன்றையொன்று விரட்டாமல் ஒரே மனத்தில் இருக்க முடியும் என்பதை எங்கள் ஊர்க் களரி தலைமுறை தலைமுறையாகக் காட்டி வந்திருக்கிறது.

ஆனால் இந்த ஒப்பீட்டை அளவோடுதான் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று ஒரு மாணவி மறுத்துப் பேசினார், அவர் சொன்னது சரி. கூத்து தன்னை உண்மை நிகழ்ச்சி என்று சொல்லிக்கொள்வதில்லை. கமராவோ தெருவையும் மரத்தையும் உள்ளபடி காட்டிவிட்டு, அதே தெருவில் இறப்பர் விலங்கையும் நிறுத்துகிறது. அதனால் படத்துக்கு ஒரு கூடுதல் கடமை இருக்கிறது. கூத்தில் பாத்திரம் களரிக்கு வருமுன் அதற்குரிய வரவுப் பாட்டும் தாளக்கட்டும் ஒலித்து, வரப்போகிறவர் இன்னார் என்று பார்வையாளரைத் தயார்ப்படுத்துவதைப் போல, படமும் பூதம் தோன்றுமுன் அதற்கொரு வரவு அமைக்க வேண்டும். உடைந்த வள்ளம், வெறுமையாகத் திரும்பும் வலை, குரைப்பதை நிறுத்திய நாய் ஆகியவற்றை வரிசையாகக் காட்டிவிட்டுப் பிறகு பூதத்தைக் கொண்டுவரும் படத்தில் இறப்பர் உறுத்துவதில்லை. அந்த வரவை அமைக்காத படத்தில் எவ்வளவு விலையுயர்ந்த பூதம் வந்தாலும் அது வெறும் பொம்மையாகவே நிற்கிறது.

உள்ளே நின்றவருக்கு உண்மையிலேயே வேர்த்ததா?

மிகவும் வேர்த்தது. 1954ஆம் ஆண்டின் முதல் காட்சில்லாப் படத்தில் உடுப்புக்குள் நின்றவர் ஹருவோ நகஜிமா. முதலில் செய்த உடுப்பு ஏறத்தாழ நூறு கிலோ எடையுடையதாக இருந்ததால் அதை அணிந்து நடப்பதே இயலாமல், அடுத்து இலேசான ஒன்றைச் செய்தார்கள். அதற்குள்ளும் விளக்குகளின் வெக்கையில் சில நிமிடங்களுக்கு மேல் நிற்க முடியவில்லை. கழற்றிய உடுப்பிலிருந்து வியர்வையைக் கொட்ட வேண்டியிருந்தது. விலங்குக் காட்சிச்சாலைக்குப் போய் யானையும் கரடியும் நடப்பதைக் கவனித்து அந்த நடையை அவர் அமைத்துக்கொண்டார். 2017இல் அவர் காலமான செய்தியைப் படித்த அன்று நான் அம்மம்மாவை நினைத்துக்கொண்டேன்.

அப்படியானால் காட்சில்லாவும் குறைந்த செலவுப் படமா?

யப்பானிய அளவில் அது செலவு கூடிய படம். ஆனாலும் இங்கே அதைச் சேர்த்துப் பேசுவதற்குக் காரணம் உண்டு. 1933இல் வந்த ‘கிங் கொங்’ படத்தில் வில்லிஸ் ஓப்ரையன் செய்தது போல, பொம்மையைச் சிறிது சிறிதாக நகர்த்தி ஒவ்வொரு படச்சட்டமாகப் பிடிக்கவே சிறப்புக்காட்சி இயக்குநர் எய்ஜி ட்சுபுராயா விரும்பினார். ஒரு நொடிக்கு 24 சட்டங்கள் வேண்டும். அந்த முறையில் எடுத்தால் ஏழு ஆண்டுகள் ஆகும் என்று அவர் கணக்கிட்டார். கையிலிருந்தவையோ சில மாதங்கள். அந்த நெருக்கடியில்தான் மனிதருக்கு உடுப்பு மாட்டிச் சிறு நகரத்தை மிதிக்கவிட்டு, கமராவை வழமையைவிட வேகமாக ஓட்டிப் பிடித்தார்கள். அப்படிப் பிடித்ததைச் சாதாரண வேகத்தில் காட்டும்போது ஒவ்வொரு அசைவும் மெதுவாகிப் பாரம் பெறுகிறது. பிற்காலத்தில் குறைந்த செலவில் படமெடுத்த எத்தனையோ பேருக்கு அந்த வழி வாழ்வு கொடுத்தது.

பணமில்லாமை நல்ல யோசனையாக மாறிய வேறு இடங்கள் உண்டா?

நிறைய உண்டு, நான் மிகவும் விரும்பிப் பேசும் பகுதியும் இதுதான்.

1942இல் வால் லூட்டன் தயாரித்த ‘கற் பீப்பிள்’ ஒரு பெண் சிறுத்தையாக மாறும் கதை. மாற்றத்தைக் காட்டும் அளவுக்குக் காசு இல்லை. லூட்டனும் இயக்குநர் ஜாக் டூர்னரும் அதைக் காட்டாமலே விட்டார்கள். இரவில் தனியே நடக்கும் ஒரு பெண், பின்னால் கேட்டுக்கொண்டிருந்த காலடியோசை நின்றுபோகிறது, மௌனம் நீள்கிறது, திடீரெனச் சிறுத்தையின் சீறல்போல ஒலி எழுப்பிக்கொண்டு ஒரு பேருந்து வந்து நிற்கிறது. விறாந்தையில் அந்தக் காட்சியை ஓட்டிய நாளில் தேநீர்க் கோப்பை ஒன்று விழுந்து உடைந்தது. சுவரில் ஒரு நிழல்கூட அப்போது இல்லை.

காணாத பூதத்தின் வலிமையை இந்த மாவட்டங்களில் இருப்பவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. 2011 ஓகஸ்ட்டில், உடம்பில் கிறீஸ் பூசிய மர்ம மனிதர்கள் பெண்களைத் தாக்குகிறார்கள் என்ற ‘கிறீஸ் பூதம்’ பீதி பொத்துவிலிலும் மட்டக்களப்பிலும் பரவியபோது, மாலையானதும் கதவுகள் அடைபட்டன, ஆண்கள் தெருமுனைகளில் விடியும்வரை காவலிருந்தார்கள். அது படமல்ல. பெண்களுக்கு நேர்ந்த உண்மையான துன்பம் அதில் இருந்ததால் அதைக் கதையாக்கிப் பேச எனக்கு மனமில்லை. உருவம் தெளிவாகத் தெரியாத ஒன்றுக்கு ஒவ்வொரு மனமும் தானே உருவம் கொடுத்துக்கொள்கிறது என்பதை மட்டும் அந்த நாள்களில் நாங்கள் கண்டோம்.

இன்னோர் உதாரணம் எண்ணிக்கை தொடர்பானது. 1955இல் றே ஹரிஹவுசன் அசைவூட்டிய ‘இட் கேம் ஃப்ரொம் பினீத் த சீ’ என்ற படத்தில் ஓர் இராட்சதச் சாக்குக்கணவாய் சன்பிரான்சிஸ்கோவின் கோல்டன் கேற் பாலத்தைப் பிடித்து உடைக்கிறது. அதற்கு எட்டுக் கைகள் இருக்க வேண்டும். பணமும் நேரமும் போதாமையால் அவர் ஆறு கைகளே செய்தார். கைகளை மாற்றி மாற்றி நீரில் அமிழ்த்தி எழுப்பியதால் பெரும்பாலானவர்கள் அந்தக் குறையைக் கவனிப்பதில்லை. கல்லடிப் பாலத்துக்கு அருகில் பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்கு அந்தக் காட்சி மிகவும் பிடித்துவிட்டது. கைகளை எண்ணிக் கண்டுபிடித்தவன் எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன்.

ஒலியிலும் இப்படித்தான். காட்சில்லாவின் அலறலுக்கு இசையமைப்பாளர் அகிரா இஃபுகுபே எந்த விலங்கின் குரலையும் எடுக்கவில்லை. பிசின் பூசிய தோல் கையுறையை ஒரு பெரிய நரம்பு வாத்தியத்தின் தளர்த்திய தந்திகளில் இழுத்துப் பெற்ற ஒலியைப் பதிந்து, அதன் வேகத்தைக் குறைத்துப் பயன்படுத்தினார். ரொமேரோ தம் கறுப்புவெள்ளைப் படத்தில் இரத்தத்துக்குச் சொக்கிளேட் பாகைப் பயன்படுத்தினார். ‘த பிளொப்’ படத்தின் ஊர்ந்து வளரும் பூதம், சாயமூட்டிய சிலிக்கோன் கூழ். ஆளை விழுங்க விழுங்க அது சிவந்துகொண்டே போவதற்குச் சாயத்தைக் கூட்டிக்கொண்டே போனார்கள். இவற்றையெல்லாம் செய்தவர்கள் கையில் கிடைத்த பொருளை உற்றுப் பார்த்தவர்கள்.

சில படங்களில் பூதம் சிரிப்பை மட்டுமே தருகிறதே?

உண்மை. 1957இல் வந்த ‘த ஜயண்ட் க்ளோ’ படத்தின் இராட்சதப் பறவை, நீண்ட கழுத்தும் உருண்ட கண்ணும் கொண்ட நூல்பொம்மை. நடிகர்கள் அதைப் பார்க்காமலே, வானத்தை நோக்கி மிகுந்த அக்கறையோடு நடித்து முடித்திருந்தார்கள். கதாநாயகனாக நடித்த ஜெஃப் மோரோ, தம் சொந்த ஊர்த் திரையரங்கில் சனம் சிரிப்பதைக் கேட்டு, எவரும் தம்மை அடையாளம் காணுமுன் வெளியேறியதாகப் பிற்காலத்தில் சொன்னார். 1959இல் வந்த ‘த கில்லர் ஷ்ரூஸ்’ படத்தில் நாய்களுக்குச் சடை போர்த்தி இராட்சத மூஞ்சூறுகளாக ஓடவிட்டார்கள். வால்களின் உற்சாகம் அவற்றைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது. முதலில் சொன்ன ‘ரோபோட் மொன்ஸ்டர்’ படத்தில் வேற்றுக்கிரகப் பூதம் என்பது கொரில்லா உடுப்பின் மேல் ஒரு தலைக்கவசம்.

இந்த மூன்றையும் நான் ஒரே நிறுவையில் வைப்பதில்லை. கொரில்லா உடுப்பு உருவாக்கும் உலகத்துக்கு ஒரு விசித்திரக் கனவின் தன்மை இருக்கிறது, நாய்கள் ஓடும் படத்தில் வீட்டுக்குள் அடைபட்டவர்களின் தவிப்பு நன்றாக வந்திருக்கிறது. பறவைப் படத்தின் குறையோ கடினமானது. நடித்தவர்களின் உழைப்பும் பொம்மை செய்தவரின் உழைப்பும் ஒன்றையொன்று சந்திக்கவே இல்லை. அண்ணாவியாரும் ஆடுகிறவரும் வெவ்வேறு ஊர்களில் ஒத்திகை பார்த்துவிட்டு அரங்கேற்ற நாளில் மட்டும் சந்தித்தால் கூத்து என்ன ஆகுமோ, அதுவே அங்கே நடந்திருக்கிறது.

றொஜர் கோர்மன் என்ற பெயரை அடிக்கடி சொல்கிறீர்கள். அவர் யார்?

அமெரிக்காவில் நூற்றுக்கணக்கான குறைந்த செலவுப் படங்களை இயக்கியும் தயாரித்தும் 2024 மே மாதத்தில் 98ஆம் வயதில் காலமானவர். ஆளை உண்ணும் செடியைப் பற்றிய அவருடைய 1960ஆம் ஆண்டுப் படத்தின் முக்கியப் படப்பிடிப்பு, வேறொரு படத்துக்குப் போட்டிருந்த அரங்கில் இரண்டு நாள்களில் முடிந்தது. பிரான்சிஸ் கொப்போலா, மார்ட்டின் ஸ்கோர்செசி, ஜேம்ஸ் கமரூன் போன்றவர்கள் அவரிடம் சிறு சம்பளத்தில் வேலை பழகியவர்கள். அந்தச் சிறு சம்பளத்தை நான் போற்ற மாட்டேன். ஆனால் இளைஞர்களின் கையில் கமராவை நம்பிக் கொடுத்த துணிவை மதிக்கிறேன்.

அவர் சொன்ன ஒரு கதை எங்கள் மாணவர்களுக்கு நன்றாகப் பயன்பட்டது. 1956இல் அவர் எடுத்த படத்தின் பூதம் ஈர்ப்பு விசை மிகுந்த கிரகத்திலிருந்து வருவதால், அறிவியல்படி அது குட்டையாகவும் பரந்தும் இருக்க வேண்டுமென்று முடிவுசெய்து, போல் பிளைஸ்டெலைக் கொண்டு அப்படியே செய்வித்தார். நடிகை பெவர்லி கார்லண்ட் அதன் முன்னே வந்து நின்று, குனிந்து பார்த்து ஏளனம் செய்தாராம். உடனே பூதத்தின் உயரத்தைக் கூட்டச் சொன்னதாகக் கோர்மன் நினைவுகூர்ந்திருக்கிறார். பூதம் கதாபாத்திரத்தைவிட உயரமாக இருக்க வேண்டும். அல்லது கமரா தரையில் இருக்க வேண்டும்.

இந்தப் படங்களின் உண்மையான குறை எது?

பூதமல்ல. பூதம் வராத நேரம்தான் குறை. பூதத்தைக் காட்டக் காட்டச் செலவு கூடும் என்பதால், எழுபது நிமிடப் படத்தில் ஐம்பது நிமிடங்களை ஓர் அறையில் நின்று பேசுவோரைக் கொண்டு நிரப்பியிருப்பார்கள். வெள்ளை மேலங்கி அணிந்த பேராசிரியர் கதிரியக்கத்தைப் பற்றி விளக்குவார், இராணுவ அதிகாரி தொலைபேசியில் கத்துவார், இடையிடையே பழைய செய்திப் படங்களிலிருந்து எடுத்த விமானங்கள் பறக்கும். எழுத்துக்குக் காசு தேவையில்லை, ஒரு கொப்பியும் பேனாவும் போதும். ஆகவே வறுமையைக் காரணம் காட்டி மோசமான வசனத்தை மன்னிக்க நான் தயாராக இல்லை.

அதைவிடக் கனமான குறைகளும் உண்டு. பெண் பாத்திரம் படித்த விஞ்ஞானியாக அறிமுகமாவார், பத்து நிமிடங்களில் அலறுவதற்கும் தேநீர் ஊற்றுவதற்கும் மட்டும் உரியவராகிவிடுவார். தீவுவாசிகள் என்ற பெயரில் உடம்பில் கரி பூசியவர்கள் பறையடித்து ஆடுவார்கள். எங்களைப் போன்ற தீவு மக்களை வெளியார் எப்படிக் கற்பனை செய்தார்கள் என்பது அங்கே தெரிகிறது, அதைப் பார்த்து மனம் நோகாமல் இருக்க முடியாது. அத்தகைய படத்தைக் காட்டினால் அதைப் பற்றி முன்கூட்டியே பேசிவிட்டே காட்டுகிறேன்.

எல்லாவற்றிலும் பெரிய குறை, இறந்தவர்களுக்காக ஒருவரும் அழாத படம். கட்டடம் சரிகிறது, சனம் ஓடுகிறது, அடுத்த காட்சியில் கதாநாயகன் சிரித்துப் பேசுகிறான். இதற்கும் பணத்துக்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

கடல் எழுந்து ஊரை அழிக்கும் படங்களை நீங்கள் காட்டுவதில்லையே, ஏன்?

2004 டிசம்பர் 26 அன்று வந்த சுனாமியில் இலங்கையில் மிக அதிகமான உயிர்களை இழந்த மாவட்டம் அம்பாறை. எங்கள் பக்கத்தில் கல்லடியும் நாவலடியும் பட்ட பாட்டை இங்கே வருகிறவர்களில் பலர் நேரில் பட்டவர்கள். விறாந்தையில் பாயில் இருப்பவர்களில் பிள்ளையைப் பறிகொடுத்தவர்களும் இருக்கிறார்கள். ஆகவே கடல் எழும் காட்சியுள்ள படமென்றால் முந்தின போயாவிலேயே சொல்லி, வருகிறவர்களின் விருப்பத்தைக் கேட்டுத்தான் முடிவெடுக்கிறேன். பெரும்பாலும் வேண்டாம் என்றே சொல்வார்கள்.

ஒருமுறை மட்டும் 1954ஆம் ஆண்டுக் காட்சில்லாவை அப்படிக் கேட்டுக் காட்டினோம். அது ஹிரோஷிமா, நாகசாகிக்கு ஒன்பது ஆண்டுகளுக்குப் பிறகு எடுக்கப்பட்ட படம். அதே ஆண்டு மார்ச் முதலாம் திகதி பிகினித் தீவில் அமெரிக்கா செய்த ஐதரசன் குண்டுச் சோதனையின் சாம்பல், ‘லக்கி டிராகன்’ என்று ஆங்கிலத்தில் அழைக்கப்பட்ட யப்பானிய மீன்பிடிப் படகின் 23 தொழிலாளர்கள் மேல் விழுந்தது. அவர்களில் படகின் வானொலிக் கருவியை இயக்கியவர் செப்டெம்பரில் இறந்தார். நவம்பரில் வெளிவந்த படம் ஒரு படகு கடலில் ஒளியில் எரிந்து மறைவதிலிருந்தே தொடங்குகிறது. எரியும் நகரத்தின் நடுவே ஒரு தாய் தன் பிள்ளைகளை அணைத்துக்கொண்டு, அப்பாவிடம் போய்விடுவோம் என்று சொல்லும் காட்சி அதில் உண்டு. அந்த இடத்தில் விறாந்தையில் சிலர் அழுதார்கள். படம் முடிந்ததும் நாவலடியைச் சேர்ந்த ஓர் அக்கா என்னிடம் வந்து, இந்தப் படத்தை எடுத்தவர்களும் பறிகொடுத்தவர்கள்தான் போலும் என்றார். இயக்குநர் இஷிரோ ஹொண்டா போரிலிருந்து திரும்பும் வழியில் ஹிரோஷிமாவின் அழிவைக் கண்டவர் என்று அவரிடம் சொன்னேன்.

வேண்டுமென்றே மோசமாக எடுக்கப்படும் சுறாப் படங்கள் எப்படி?

எனக்குப் பிடிக்காது. 2013இல் ‘ஷார்க்நேடோ’ வந்தபின் அந்தப் பாணி பெருகியது. தாமே நம்பாத பூதத்தைக் காட்டிப் பார்வையாளரைக் கண்சிமிட்டி அழைக்கும் படத்தில், பழைய படங்களின் தோல்வியிலும் இருந்த அந்த முயற்சி இல்லை. பிடித்தவர்கள் பார்ப்பதில் எனக்கு ஆட்சேபணை கிடையாது. இங்கே காட்ட மாட்டேன்.

தமிழ் பார்வையாளர்களுக்குப் பழக்கமான படங்களில் இந்த வகை உண்டா?

முழுமையான பூதப் படம் என்று சொல்லத்தக்கவை குறைவு. ஆனால் அதன் உறவினர்கள் நிறைய. தெலுங்கில் ‘ஜானபத பிரம்மா’ என்று அழைக்கப்பட்ட பி. விட்டலாச்சாரியா சிக்கனமான செலவில் எடுத்த மாயாஜாலப் படங்கள் தமிழில் குரல் மாற்றப்பட்டு இங்கேயும் ஓடின. 1978இல் அவர் எடுத்த ‘ஜெகன்மோகினி’யை அறியாத என் வயதினர் குறைவு. இராம. நாராயணன் பாம்பையும் குரங்கையும் யானையையும் வைத்து எடுத்த பக்திப் படங்களிலும் இதே கைவேலையைக் காணலாம். இந்தியில் ராம்சே சகோதரர்கள் குடும்பமாகச் சேர்ந்து, ஒருவர் கமரா, ஒருவர் ஒலி, ஒருவர் எழுத்து என்று வேலையைப் பங்கிட்டு 1984இல் ‘புரானா மந்திர்’ போன்ற படங்களை எடுத்தார்கள். விட்டலாச்சாரியாவிடம் பயமும் சிரிப்பும் ஒரே காட்சியில் வருவது எங்கள் கூத்துப் பார்வையாளருக்கு இயல்பாகப் பொருந்தியது என்று நினைக்கிறேன்.

கணினி வந்த பிறகு இந்தக் குறைகள் தீர்ந்துவிட்டனவா?

மாறிவிட்டன. இறப்பர்ப் பூதத்துக்கு அசைவு குறை. ஆனால் பாரமும் நிழலும் இயல்பாகவே இருந்தன, ஏனென்றால் அது உண்மையில் அங்கே நின்றது. மலிவான கணினிப் பூதத்துக்கு அசைவு உண்டு. பாரமில்லை, காலடியில் புழுதி எழுவதில்லை, எதிரே நிற்கும் நடிகரின் கண் வேறெங்கோ பார்க்கிறது. எனினும் பொறுமையானவர்களின் கையில் அதே கருவி வேறாகிறது. 2010இல் கரெத் எட்வேர்ட்ஸ் ஐந்து இலட்சம் டொலருக்கும் குறைந்த செலவில், இரண்டு முதன்மை நடிகர்களோடும் ஒரு சிறு குழுவோடும் பயணம் செய்து ‘மொன்ஸ்டர்ஸ்’ படத்தை எடுத்து, அதன் பூதங்களைத் தம் கணினியில் தாமே செய்தார். 2023இல் தக்காஷி யமசாக்கி எடுத்த ‘காட்சில்லா மைனஸ் வன்’ ஏறத்தாழ 35 பேர் கொண்ட சிறப்புக்காட்சிக் குழுவோடு உருவாகி, 2024இல் அந்தத் துறைக்கான ஒஸ்கார் விருதை வென்றது. அதன் செலவு ஒன்றரைக் கோடி டொலருக்கும் குறைவு. போட்டியிட்ட ஹொலிவூட் படங்கள் அதைப்போலப் பல மடங்கு செலவழித்தவை.

சிறுவர்களுக்குக் காட்டலாமா?

1950களின் படங்களைப் பத்து வயதுக்கு மேற்பட்டவர்களுக்குக் காட்டுகிறேன், ரொமேரோவின் படத்தைக் காட்டுவதில்லை. பயந்த பிள்ளைக்குப் பூதம் எப்படிச் செய்யப்பட்டது என்பதை அன்றே சொல்லிவிடுங்கள்.

வாவிக்கரையில் ஒரு பூதப் படம் எடுக்க விரும்புகிறோம். எதிலிருந்து தொடங்குவது?

ஒலியிலிருந்து. மட்டக்களப்பு வாவி ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமானது, அதன் இரவு நிசப்தமானதல்ல. கல்லடிப் பாலத்தடியில் துடுப்பின் ஒரு முனையை நீரில் வைத்து மறுமுனையைக் காதில் வைத்துப் பாடும் மீனின் ஓசையைக் கேட்பார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். அதே துடுப்பின் முனையில் ஓர் ஒலிவாங்கியை வைத்துப் பாருங்கள், கிடைக்கும் ஒலியின் வேகத்தைப் பாதியாக்கிக் கேளுங்கள். பூதத்தின் குரலை அதிலிருந்தே உருவாக்கலாம்.

உடம்புக்குக் கரப்புப் பின்னத் தெரிந்தவரைத் தேடிச் செல்லுங்கள். கூத்துடுப்புக்கு வடிவம் தருவதும் அந்தப் பின்னல்தான். பிரம்பு வளையங்களால் செய்த கூட்டை மேலே பழைய வலையால் மூடி, ஆகாயத்தாமரை என்றும் சொல்லப்படும் ஈரமான ஆற்றுவாழையைச் செருகினால், நீரிலிருந்து எழும் உடம்புக்குத் தோல் கிடைத்துவிடும். மிதப்பதற்கு உள்ளே ரெஜிபோம் எனப்படும் இலேசான நுரைப்பலகைத் துண்டுகளைக் கட்டலாம், ஆனால் அவை உடைந்து வாவியில் மிதக்காதபடி வலைத்துணியில் பொதிந்து கட்டுங்கள். கைத்தொலைபேசியில் நொடிக்கு 120 சட்டங்கள் பிடிக்கும் வசதி இருந்தால் அதைப் பயன்படுத்தி, 24இல் ஓட்டுங்கள். ட்சுபுராயா தந்த பாரம் உங்களுக்கும் கிடைக்கும். கமராவை நீர்மட்டத்துக்கு அருகில் வையுங்கள். பகல் வெளிச்சத்தில் எடுக்காதீர்கள். பொழுது சாய்ந்து கண்டல் மரங்கள் கறுப்பாகத் தெரியும் அந்த இருபது நிமிடங்களே உங்களுடையவை. ஐப்பசி முதல் தை வரை மழையை நம்பி ஒன்றும் தொடங்க வேண்டாம்.

வாவியில் முதலை உண்டு என்பதை ஒருபோதும் மறக்கக் கூடாது. இடம் தெரிந்த மீனவர் ஒருவர் தோணியில் கூட இல்லாமல், மிதவை அங்கி இல்லாமல் எவரும் நீரில் இறங்க வேண்டாம். அவருடைய வலை போடும் நேரத்தைக் கேட்டறிந்து அதற்கு இடையூறில்லாமல் வேலையை அமைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் மாணவர்கள் நால்வர் கடந்த மாதம் இப்படி ஒரு கூட்டைச் செய்து, கரையோரத்தில் முழங்காலளவு நீரில் சோதித்துப் பார்த்தார்கள். தலை நன்றாக எழுந்தது. வலப்பக்க வளையத்தில் நீர் ஏறியதால் உடம்பு ஒருபுறமாகச் சரிந்துவிட்டது. பிரம்பை இன்னொரு சுற்றுக் கட்டி, அடுத்த போயாவுக்கு மறுபடியும் இறக்குவதாக இருக்கிறார்கள். கூட்டுக்குள் நிற்கப்போகிற பையனுக்கு இடையிடையே கொடுக்கத் தண்ணீர்ப் போத்தல் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன்.